வாய் நிறையத் தண்ணீர்

மார்ச் 2, சனி

இன்று பதினாலு பேர் முன்னிலையில் குறட்டை விட்டேன்.

நடிப்புப் பயிற்சி, முதல் நாள். நான் சேரப் போகவில்லை. மகளைக் கொண்டுபோய் விடப் போனவன். மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீள ஹால். வார்னிஷ் வாசனை. கீழே கடை முழுக்க நாற்காலி, மேலே உட்கார ஒன்றுகூட இல்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றேன். சொல்லிக்கொடுக்கும் மேடம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நரைத்த கிராப்பு. "இங்க வேடிக்கை பாக்கறவங்க கிடையாது சார். ஒண்ணு உள்ள, இல்ல வெளிய" என்றார். வெளியே வெயில், உள்ளே மின்விசிறி. மின்விசிறிக்காகக் கலைக்குள் காலடி வைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எல்லோரையும் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க, கால்விரல் தளரட்டும், முழங்கால் தளரட்டும்... இடுப்பு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் வண்டி எடுத்தவன் நான். அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண் விழித்தால் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். மேடம் சிரிக்கவில்லை. "கேட்டீங்களா? அடிவயித்துல இருந்து வருது மூச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. எங்க, எல்லாரும் அதே மாதிரி விடுங்க பாப்போம்."

விட்டார்கள். பதிமூணு பேர் சேர்ந்து என் குறட்டையை எனக்கே விட்டுக்காட்டினார்கள். பதினாலாவது ஆள் என் மகள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வண்டியில் ஒரே ஒரு வாக்கியம். "அடுத்த வாரம் நீ வராதப்பா."

"மேடம் என் பேரையும் எழுதிக்கிட்டாங்களே" என்றேன். எழுதச் சொன்னதே நான்தான் என்பதை அவளும் பார்த்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். "நல்லா எழுத வேணாம். உண்மையா எழுதினா போதும்." பத்தாவதோடு பேனாவை மூடி வைத்தவன் நான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராகக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

சரி, உண்மை. இந்தப் பயிற்சி மகளுக்கு எதற்கு? ஏப்ரல் கடைசியில் அவளுக்கு பிசியோதெரபி கல்லூரியில் நேர்காணல். பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. போன வருடமும் போனோம். மூன்று கேள்வி கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்றுக்கும் நானே பதில் சொல்லிவிட்டேன். பிள்ளை தடுமாறுகிறதே என்று பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் இருந்தவர், "சீட்டு உங்களுக்கா சார், பொண்ணுக்கா?" என்றார். நல்ல ஜோக். நானும் சிரித்தேன். சீட்டுக் கிடைக்கவில்லை.

ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் சீட்டுப் போனால் வயசு வரம்பு தாண்டிவிடும், அப்புறம் அந்தப் படிப்பையே மறந்துவிட வேண்டியதுதான். அதனால் தானே விசாரித்து இதில் சேர்ந்தாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"அவளுக்குப் பேச வராது, பாவம். பழகட்டும்" என்றேன்.

மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று நின்று என் வீட்டுக்காரிக்கு எதையும் அளந்துதான் பேச வரும். "பேச வருங்க அவளுக்கு. நடுவுல நீங்க இடம் விட்டாத்தான?"

மார்ச் 9, சனி

இன்று ஜோடி ஜோடியாக. ஒருவர் கண்ணை மூட வேண்டும், மற்றவர் முழங்கையைப் பிடித்து ஹாலைச் சுற்றி நடத்திக்கொண்டு போக வேண்டும். எனக்கு மகள். கண்ணை மூடினேன். நாலு அடி போவதற்குள் எல்லோரும் சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால், அவள் என்னைத் திருப்பும்போதெல்லாம் என் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறதாம்.

எங்கள் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடப் பழக்கம். பஸ்ஸில் போனாலும் மிதிப்பேன், சினிமாவில் கார் வேகமாகப் போனாலும் மிதிப்பேன். இதை மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போது மிதித்தும் காட்டினேன். ஹாலே அதிர்ந்தது.

பல் டாக்டர் ஒருத்தி வருகிறாள், முப்பது வயசு இருக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், என் கிளினிக்குக்கு வந்து உக்காருங்க, ஊசியே வேணாம்" என்றாள்.

அந்தச் சிரிப்பு. அது வந்து நெஞ்சில் படுகிறது பாருங்கள். யாரைப் பாருங்கள் என்கிறேன், டைரியையா?

சாப்பிட உட்கார்ந்தும் கால் நிற்கவில்லை. "ஏங்க, மேசை ஆடுது" என்றாள் வீட்டுக்காரி.

மார்ச் 10, ஞாயிறு

இந்த வாரத்திலிருந்து ஞாயிறும் வகுப்பு உண்டு. இன்று கற்பனைக் காட்சி. நான் தபால் ஆபீஸ் குமாஸ்தா, பல் டாக்டர் பார்சல் வாங்க வந்தவள். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். கை தட்டினார்கள். மேடம் மட்டும், "நல்லா பேசறீங்க சார். அவங்க என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

பார்சல் என்றாள். வேறு என்ன சொன்னாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

மகளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் என்றார்கள்.

மார்ச் 13, புதன்

காலை வகுப்புக்கு முட்டைக்கடைக்காரர். இரண்டு மாதமாகப் படிக்கிறார், இன்னும் மூன்றாவது கியருக்குப் பயம். சிக்னலில் நின்றபோது கண்ணாடியைத் திருப்பி, புருவத்தை ஏற்றி இறக்கி, ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தேன். "என்ன மாஸ்டர், பின்னாடி வண்டியில தெரிஞ்சவங்களா?" என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

கடைசி நாளில் ஒரு சின்ன நாடகம், குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்கிறார் மேடம். எழுதி வைத்த வசனம் கிடையாது. நாங்கள் நடித்துப் பார்க்கப் பார்க்க எது நிற்கிறதோ அதுதான் வசனம்.

கதை இது. தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் ஆபீஸ். குமாஸ்தா ஒருத்தர், வாய் ஓயாதவர். ஒரு நல்ல குடை அங்கே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆளுக்கு ஒரு பொய்யோடு வருகிறார்கள், குடை என்னுடையது என்று. கடைசியில் ஒரு பெண் இன்னொரு குடையோடு வருகிறாள். என்ன தொலைத்தாய், எங்கே தொலைத்தாய் என்று குமாஸ்தா துளைத்து எடுக்கிறார். அவள் பேசாமல் நிற்கிறாள். ரொம்ப நேரம். அப்புறம், "நான் எதையும் தொலைக்கல. குடுக்க வந்திருக்கேன்" என்று குடையை மேசையில் வைக்கிறாள். அவ்வளவுதான் நாடகம்.

குமாஸ்தா யார் என்று கேட்கவே வேண்டாம். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். குடைக்காரப் பெண்ணாக மகள். அந்த வசனம் அவளாகச் சொன்னதுதான், நடித்துப் பார்க்கும்போது. சத்தமே இல்லாமல் சொன்னாள். மேடம், "இது நிக்கும். இதத் தொடாத" என்றார்.

ஒரே ஒரு வசனமா என் பிள்ளைக்கு? எனக்கு எத்தனை இருக்கிறது! கூட நாலு வரி சேர்த்துக் கொடுக்கலாமே என்று மேடத்திடம் கேட்கப் போனேன். மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒத்திகை. நான் நல்ல வேகத்தில் இருந்தேன். எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். மகள் குடையோடு வந்து நின்றாள். நான் கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டு முடித்தேன். அவள் நிற்கிறாள். நிற்கிறாள். மறந்துட்டாளா? முகம் அப்படியே இருக்கு. எல்லாரும் பாக்கறாங்க. ஐயோ பாவம், பிள்ளை தவிக்குதேன்னு...

"என்னம்மா, குடுக்க வந்தியா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

அவள் வாய் திறந்திருந்தது. அப்படியே மூடினாள். குடையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். ஓடவில்லை. ஓடியிருந்தால் பின்னாலேயே நானும் ஓடியிருப்பேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. "அவ மறக்கல சார்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 25, திங்கள்

வீட்டில் பேச்சு இல்லை. என்னைச் சொல்கிறேன், அம்மாவும் மகளும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் போனால் நிற்கிறது.

மார்ச் 26, செவ்வாய்

அவளிடம் போய், "மறந்துட்டியோன்னு நெனச்சேன்டா" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மறந்தா மறந்துட்டுப் போறேன். அது என்னோட மறதிப்பா."

"காலேஜ்ல மறந்தா?"

"அப்பவும்."

நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாக மடித்தோம். அப்புறம் அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 28, வியாழன்

விலகிக்கொள்வதாக மேடத்துக்கு போன் செய்தேன். எனக்குப் பதில் பல் டாக்டர் குமாஸ்தாவாக நடிக்கட்டும் என்றேன். யாராவது, "ஐயோ, நீங்க இல்லாம எப்படி சார்" என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தது.

"உங்க பொண்ணும் போன் பண்ணினா" என்றார் மேடம்.

"என்னை எடுத்துடச் சொன்னாளா?"

"இல்ல. நீங்கதான் வேணும்னா. வேற ஆள் முன்னாடி பேசிட்டா என்ன பிரயோஜனம்னு கேட்டா."

மேடம் போனை வைத்த பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வகுப்புக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

மார்ச் 30, சனி

மேடத்தின் வைத்தியம். மகள் மேடைக்கு வந்தவுடன் நான் பாட்டிலை எடுத்து ஒரு வாய்த் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். விழுங்கக் கூடாது. அவள் வசனம் முடிந்த பிறகுதான் விழுங்கலாம். கேள்வியெல்லாம் கண்ணாலும் கையாலும்தான்.

முதல் தடவை: விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் தடவை: விழுங்கிவிட்டேன்.

மூன்றாம் தடவை: வாயில் தண்ணீரோடு ஏதோ சொல்ல வந்து, பக்கத்தில் நின்ற பல் டாக்டர் மேல் மொத்தமும் தெளித்தது. "பரவால்ல சார், எனக்குத் தினமும் இதான வேலை" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

நான்காம் தடவை தண்ணீர் நின்றது. ஆனால் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கன்னத்தைப் பார்த்தாளாம். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

ஏப்ரல் 2, செவ்வாய்

வேலையிலும் பழகலாம் என்று பார்த்தேன். முட்டைக்கடைக்காரருக்கு எதுவும் சொல்வதில்லை, அவராகச் செய்யட்டும் என்று முடிவு. தெரு முனையில் குறுக்கே மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அவர் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் நினைத்தார். கடைசி நொடியில் என் கால்தான் காப்பாற்றியது.

"சொல்லவே இல்லியே மாஸ்டர்!" என்று வண்டியை ஓரம் கட்டினார்.

"சும்மா இருக்கப் பழகறேங்க."

"அத உங்க வீட்ல வெச்சுப் பழகக் கூடாதா?"

எங்கே சும்மா இருக்கணும், எங்கே இருக்கக் கூடாது? இதை யார் சொல்லித் தருவார்கள்? தண்ணீர் பாட்டில் இதற்குப் போதாது.

ஏப்ரல் 7, ஞாயிறு

தண்ணீர் இல்லாமல் ஒத்திகை. நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டேன். மகள் இன்று சீக்கிரமே பேசிவிட்டாள், நான் எங்கே முந்திவிடுவேனோ என்ற பயத்தில். மேடம் அவளிடம், "அவர நம்பாத. உன்ன நம்பு. சொல்லணும்னு தோணறப்ப சொல்லு" என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நான் ஏதோ பழுதான பிரேக் மாதிரி.

ஏப்ரல் 19, வெள்ளி

நாளைக்கு நாடகம். மாலையில் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். திரும்ப நடந்தேன். "வாக்கிங்கா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். ஆமாம் என்றேன், செருப்புப் போடாமல்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்று மாலை முடிந்தது. இன்று காலை எழுதுகிறேன்.

அறுபது பேர் இருப்பார்கள். கீழே கடைக்காரர் புண்ணியத்தில் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு தொங்குகிறது. வீட்டுக்காரி மூன்றாவது வரிசையில். கூட்டம் எனக்குச் சிரித்தது. உள்ளபடி சொல்கிறேன், நன்றாகச் சிரித்தது. ஒத்திகையில் இல்லாத இடத்திலெல்லாம் சிரித்தது. உச்சியில் இருந்தேன்.

அப்புறம் மகள் வந்தாள். கேள்விகளைக் கேட்டேன். நிறுத்தினேன்.

அவள் நின்றாள்.

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்னும் நின்றாள். ஒத்திகையில் ஒருநாளும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. என் வாய்க்குள் அந்த வசனம் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது, உதட்டுக்குப் பின்னால். சொல்லிடலாமா? மெதுவா, அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி? மறந்துட்டா அவமானம் அவளுக்குத்தானே? அம்மா பாக்கறா, அத்தனை பேரும் பாக்கறாங்க... குமாஸ்தாவுக்காகக் கையில் வைத்திருந்த பேனாவை மூடினேன். வேறு என்ன செய்ய என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன்.

மறந்த முகம் எனக்குத் தெரியும். கிளட்சை மறந்தவர்கள், இடது வலது மறந்தவர்கள், அந்த முகத்தைத் தினமும் பக்கத்து சீட்டில் பார்க்கிறேன். இது அந்த முகம் இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

அப்புறம் சொன்னாள். "நான் எதையும் தொலைக்கல. குடுக்க வந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. கை தட்டவும் இல்லை. குடையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி. நான் பத்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய சிரிப்பெல்லாம் அதன் முன்னால் சில்லறை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத வேண்டும். உண்மையாக எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம், அதனால்: முதலில் வந்தது பொறாமை. பெற்ற பிள்ளை மேல். பெருமை அதற்கு அடுத்த பஸ்ஸில் வந்தது.

வண்டியில் திரும்பும்போது அவள் கேட்டாள். "நான் நின்னப்ப நீ என்னப்பா நெனச்ச?"

"செத்தேன்னு நெனச்சேன்."

பின்சீட்டிலிருந்து அவள் அம்மா, "உங்கப்பா அவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததே இல்லடி. டாக்டரக் கூப்பிடலாமான்னு இருந்துச்சு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். வீடு வரைக்கும் நான் வேறு ஜோக் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

நாளைக்கு நேர்காணல். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், "நோயாளிகளுக்குச் சேவை செய்ய" என்று சொல், போன வருடம் நான் சொன்னதுதான், நல்ல பதில் என்று சொல்லலாம் என்று இருந்தேன். அவள் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். என் சட்டையையும் வாங்கித் தேய்த்தாள். அந்தப் பதிலை நான் சொல்லவில்லை. இது எனக்கு ஒரு மதிப்பெண்.

என் மச்சினன்தான் வேலை கிடைக்கிற படிப்பு என்று சொல்லி இதை எடுத்துக் கொடுத்தான். அவளும் தலையாட்டினாள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

அதே அறை. அதே மேசை. நடுவில் அதே ஆள், கண்ணாடி மட்டும் புதுசு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு. "வாங்க சார்" என்றார், உதட்டோரம் ஒரு மாதிரியாக. வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்குக் கீழே கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பெயர், மதிப்பெண் எல்லாம் கேட்டார்கள். சொன்னாள். ஓரத்தில் இருந்த அம்மாள், "போன வருஷமும் வந்திருக்க. திரும்ப ஏன் இதே படிப்புக்கு வர்ற?" என்று கேட்டார்.

மகள் பேசவில்லை.

நடுவில் இருந்தவர் மெதுவாக என் பக்கம் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க கீழ்வீட்ல ஒரு அக்கா இருக்காங்க" என்று ஆரம்பித்தாள். "அவங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வரல. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்த பயிற்சிய அவங்க செய்ய மாட்டேன்னு அழுவாங்க. சீட்டுக் கிடைக்கலன்னு நான் சும்மா இருந்தேன்ல, அதனால தினமும் சாயந்திரம் போய் அவங்க கூட உக்காந்து செய்வேன். மொதல்ல விரல்கூட அசையல. நான் அவசரப்பட்டா அவங்க கை இறுகிப் போயிடும். அதனால அவங்களா அசைக்கற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருப்பேன். இப்ப அவங்களே தலை வாரிக்கறாங்க. பின்னல் மட்டும் நான் போடறேன்."

ஓரத்தில் இருந்த அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், எழுதுவதை நிறுத்திவிட்டார். எந்த விரல் முதலில் அசைந்தது என்று கேட்டார். கட்டைவிரல் என்றாள் மகள். அப்புறம் அவர்கள் இரண்டு பேருமே பேசிக்கொண்டார்கள், மணிக்கட்டு, தோள்பட்டை என்று. எனக்குப் பாதி புரியவில்லை.

கீழ்வீட்டுக்கு டிவி பார்க்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு வருடமாக. படியில் அந்தக் கீழ்வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் வலது கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். நானும் கையை ஆட்டிவிட்டுப் போவேன்.

முடிந்தது. நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, இந்தத் தடவை கிண்டல் இல்லாமல், "அப்பா ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றேன்.

எனக்கே இப்பத்தான் சார் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.